கேமரா காட்டுவதும் கண் பார்ப்பதும்: இயற்கை, அறிவியல் வீடியோக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னல், துருவ ஒளி, வெடிக்கும் கண்ணாடி, வளரும் கொடி என்று இயற்கையின் விந்தைகளைக் காட்டும் வீடியோக்களைப் போட்டுக் காட்டி விளக்கும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில் வரும். போகப் போகக் கொஞ்சம் சிக்கலாகும். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஸ்லோமோஷன்னா வீடியோவை மெதுவா ஓட்டுறதுதானே? அதுல என்ன பெரிய விஷயம்?

மெதுவாக ஓட்டுவது எளிது. வேகமாகப் படம் பிடிப்பதுதான் கடினம். வீடியோ என்பது வரிசையாக எடுத்த நிழற்படங்கள். ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்கிறோம். சாதாரண வீடியோவில் விநாடிக்கு 24, 25 அல்லது 30 ஃபிரேம் இருக்கும். அதே ஒரு விநாடியில் 1,000 ஃபிரேம் எடுத்து, விநாடிக்கு 25 என்ற கணக்கில் ஓட்டினால், ஒரு விநாடியில் நடந்தது 40 விநாடிக்கு நீளும்.

சாதாரண வீடியோவை எடிட் செய்யும்போது மெதுவாக்கினால் புதிதாக எதுவும் தெரியாது. இருக்கிற ஃபிரேம்களையே மென்பொருள் திரும்பக் காட்டும். அல்லது இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து ஒரு படத்தைச் செருகும். அப்படிச் செருகியது பார்க்க வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் அது நடந்ததன் பதிவு இல்லை. இன்றைய பல போன்கள் நிஜமாகவே விநாடிக்கு 120 அல்லது 240 ஃபிரேம் எடுக்கின்றன. தண்ணீர் பலூன் உடைவதைப் பார்க்க அதுவே போதும்.

அப்போ டைம்லாப்ஸ் அதுக்கு நேர் எதிரா?

ஆமாம். 10 விநாடிக்கு ஒரு ஃபிரேம் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 360 ஃபிரேம். அதை விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் ஒரு மணி நேரம் 15 விநாடிக்குள் அடங்கிவிடும். மேகம் உருள்வதும் நட்சத்திரங்கள் சுழல்வதும் பனிப்பாறை நகர்வதும் இப்படித்தான் நம் கண்ணுக்கு வருகின்றன.

செடிகள்தான் இதில் என்னை மிகவும் கவர்பவை. கொடியின் நுனி நேராக வளர்வதில்லை, வட்டமிட்டுத் துழாவிக்கொண்டே வளர்கிறது. டைம்லாப்ஸ் இல்லாத காலத்திலேயே சார்லஸ் டார்வின் தன் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து இதைப் பதிவு செய்தார். செடிக்கு மேல் கண்ணாடித் தகட்டை வைத்து, நுனி இருக்கும் இடத்தைச் சிறிது நேரத்துக்கு ஒருமுறை புள்ளியிட்டுக் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். அந்த வரைபடங்கள் 1880இல் வெளிவந்தன. ஃபிரேம் ஃபிரேமாகப் பதிவு செய்வது என்பதும் அதே வேலைதான்.

பார்க்க அழகா இருக்கு, சரி. அறிவியலுக்கு இதனால என்ன லாபம்?

கண் தீர்க்க முடியாத வழக்குகளைத் தீர்த்து வைத்ததுதான் லாபம். பாய்ந்து ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுமா என்பது 19ஆம் நூற்றாண்டில் பெரிய விவாதம். 1878இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓட்டப் பாதையோரமாகக் கேமராக்களை வரிசையாக வைத்துக் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் எழத்தான் செய்கின்றன. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டியிருக்கும்போது இல்லை. வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போது.

இன்னொரு கதை இதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். ஆங்கில இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன் ஒரு துளி விழுந்து தெறிப்பதை ஆராய்ந்தார். இருட்டறையில் ஒரு மின்பொறி வெளிச்சம். அந்த ஒரு கணத்தில் கண்ணில் பதிந்ததைக் காகிதத்தில் வரைவார். இப்படிப் பல ஆண்டுகள் வரைந்த தெறிப்புகள் எல்லாம் எல்லாப் பக்கமும் சீராக, அழகாக இருந்தன. 1890களில் அதே தெறிப்புகளை நிழற்படமாக எடுத்தபோது எதுவுமே சரியான சீராக இல்லை. கோணலாக இருந்தவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டு, மனம் ஒழுங்கானதையே தேர்ந்தெடுத்திருந்தது. அதை அவரே வெளிப்படையாக எழுதினார். கேமரா வேகத்தைப் பிடிக்கிறது என்பதோடு, நாம் எதிர்பார்ப்பதை மட்டும் பார்க்கும் பழக்கத்தையும் உடைக்கிறது.

ஒரு சின்ன இறால் நகத்தைச் சொடுக்கினா நெருப்புப் பொறி பறக்குதே, அது நிஜமா?

சொடுக்கு நிஜம், ஒளியும் நிஜம், வீடியோவில் தெரியும் அந்தப் பளிச்சென்ற பொறி மட்டும் பெரும்பாலும் சேர்த்தது. சொடுக்கு இறாலின் பெரிய கொடுக்கு மூடும்போது நீர் ஒரு தாரையாகப் பீய்ச்சி அடிக்கிறது. அந்த வேகத்தில் அழுத்தம் குறைந்து ஒரு குமிழி உருவாகிறது, உடனே நொறுங்குகிறது. கொடுக்கின் இரு பக்கமும் மோதுவதால்தான் சத்தம் வருகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2000இல் விநாடிக்கு 40,000க்கும் அதிகமான ஃபிரேம் எடுத்துப் பார்த்தபோது, குமிழி நொறுங்கும் கணத்தில்தான் அந்தச் சத்தம் எழுகிறது என்று தெரிந்தது.

அடுத்த ஆண்டே குமிழி நொறுங்கும்போது மிகச் சிறிய ஒளித் துடிப்பும் வருவதை அளந்தார்கள். குமிழிக்குள் வெப்பம் குறைந்தது 5,000 கெல்வின் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்த ஒளி வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். உணர்திறன் மிக்க கருவியால்தான் பிடிக்க முடிந்தது.

ஹெலிகாப்டர் இறக்கை சுத்தாமலே பறக்குது. இது எடிட் தானே?

எடிட் செய்யத் தேவையே இல்லை. ஐந்து இறக்கை கொண்ட சுழலியில் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே 72 பாகை. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையில் சுழலி சரியாக 72 பாகை திரும்பினால், ஒரு இறக்கை இருந்த இடத்தில் அடுத்த இறக்கை வந்து நிற்கும். எல்லா இறக்கையும் ஒரே மாதிரி இருப்பதால் எதுவும் நகராததுபோலத் தெரியும். 72க்குச் சற்றுக் குறைவாகத் திரும்பினால் பின்னோக்கிச் சுற்றும். வண்டிச் சக்கரம் படத்தில் பின்னால் சுற்றுவதும் இதே காரணத்தால்தான். கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டர் மிக வேகமாகத் திறந்து மூடினால்தான் இறக்கை கலங்காமல் தெளிவாக விழும்.

விமானத்தோட விசிறி வளைஞ்சு நெளிஞ்சு, துண்டு துண்டா மிதக்குதே, அதுவும் இதேதானா?

இல்லை, இது வேறு. பெரும்பாலான போன் கேமராக்கள் ஒரு ஃபிரேமை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. புத்தகப் பக்கத்தைப் படிப்பதுபோல, சென்சாரின் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாகப் படித்துக்கொண்டு வருகின்றன. கடைசி வரிக்கு வருவதற்குள் விசிறி வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரே படத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு நேரத்தைச் சேர்ந்தவை என்று புரிந்துகொண்டால் போதும்.

மின்னல் வீடியோவை நிறுத்திப் பார்த்தால் சில ஃபிரேமில் பாதிப் படம் மட்டும் வெளிச்சமாக, வெட்டினாற்போல ஒரு கோட்டுடன் இருப்பதும் இதனால்தான்.

ஸ்பீக்கரை ஒட்டி வச்ச குழாயில தண்ணி அந்தரத்துல நிக்குது, மேல கூட ஏறுது. சத்தம் ஈர்ப்பு விசையை ஜெயிக்குமா?

இந்தச் சோதனையில் தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஸ்பீக்கர் விநாடிக்கு 24 முறை குழாயை ஆட்ட, கேமரா விநாடிக்கு 24 ஃபிரேம் எடுக்கிறது. ஹெலிகாப்டருக்குச் சொன்ன அதே கணக்கு: ஒவ்வொரு ஃபிரேமிலும் நீரின் நெளிவு அதே இடத்தில் இருக்கும். ஆட்டத்தை 23ஆகக் குறைத்தால் நெளிவு மேலே ஏறுவதுபோலவும், 25ஆகக் கூட்டினால் மெதுவாக இறங்குவதுபோலவும் தெரியும். நேரில் நிற்பவருக்குக் கலங்கி ஆடும் நீர்த்தாரை மட்டுமே தெரியும்.

ஆனால் ஒலியால் பொருளைத் தாங்கவும் முடியும். நம் காதுக்குக் கேட்காத மீயொலியை எதிரெதிராகச் செலுத்தி நிலையலை (இடம் விட்டு நகராமல் நிற்கும் அலை) உண்டாக்கினால், சிறு நீர்த்துளியோ தெர்மோகோல் உருண்டையோ அதில் நிஜமாகவே மிதக்கும். இரண்டு வீடியோக்களும் பார்க்க ஒரே வகையாகத் தெரிவதால்தான் இந்தக் குழப்பம். முன்னது கேமராவின் தோற்றம். பின்னது நேரில் பார்த்தாலும் தெரியும்.

மின்னல் மேலிருந்து கீழ வருதா, கீழிருந்து மேல போகுதா? ரெண்டு மாதிரியும் வீடியோ இருக்கே.

இரண்டுமே நடக்கிறது. மேகத்திலிருந்து தரைக்கு வரும் வழக்கமான மின்னலில், முதலில் ஒரு மங்கலான மின்னோட்டப் பாதை படிப்படியாகக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு படியும் பத்துக்கணக்கான மீட்டர் நீளம். அது கிளை கிளையாகப் பிரிந்து வழி தேடிக்கொண்டே வரும். தரையை நெருங்கும்போது மரம், கட்டடம் போன்றவற்றிலிருந்து ஒரு மின்கீற்று மேலெழுந்து அதைத் தொடுகிறது. தொட்ட கணத்தில் பெரும் மின்னோட்டம் பாய்கிறது. பளீரென்ற ஒளி அந்தப் பாதையில் கீழிருந்து மேலாக, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரிவது இந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே. அதே பாதையில் இது சில முறை திரும்ப நடப்பதால்தான் மின்னல் துடிப்பதுபோலத் தெரிகிறது.

உயரமான கோபுரங்களிலிருந்து தொடக்கத்திலேயே மேல்நோக்கிக் கிளம்பும் மின்னலும் உண்டு. வீடியோவில் கிளைகள் எந்தப் பக்கம் விரிகின்றன என்று பாருங்கள். கீழ்நோக்கி விரிந்தால் அது மேகத்தில் தொடங்கியது. மேல்நோக்கி விரிந்தால் தரையில் தொடங்கியது.

மேகத்துக்கு மேல சிவப்பா ஜெல்லிமீன் மாதிரி ஒண்ணு வருதே, அதுவும் மின்னல்தானா?

அதற்கு ஸ்பிரைட் என்று பெயர். தரையிலிருந்து சுமார் 50 முதல் 90 கி.மீ. உயரத்தில், கீழே பலமான மின்னல் அடித்தவுடன் சில மில்லி விநாடிகள் மட்டும் தோன்றும். அங்குள்ள மெல்லிய காற்றின் நைட்ரஜன் அந்தச் சிவப்பைத் தருகிறது. விமானிகள் இப்படி ஏதோ பார்த்ததாக நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1989 ஜூலையில் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் மங்கலான ஒளியைப் பிடிக்கும் கேமரா ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக அது பதிவானது. ஒரு வீடியோவால் கட்டுக்கதை என்று நினைத்தது ஆராய்ச்சித் துறையாகிவிட்டது.

துருவ ஒளி நேர்ல பார்த்தாலும் அவ்வளவு பச்சையா இருக்குமா?

பலமாக வரும் இரவுகளில் பச்சை நன்றாகத் தெரியும், திரைபோல அசைவதும் தெரியும். மங்கலான இரவுகளில் சாம்பல் வெள்ளைப் புகையாகவே பலருக்குத் தெரியும். குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்யும் நம் விழித்திரைச் செல்களுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. கேமராவோ பல விநாடிகள் ஷட்டரைத் திறந்து வைத்து ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. நிறம் பொய் இல்லை: ஏறத்தாழ 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் பச்சையையும், 200 கி.மீ.க்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பையும் உமிழ்கின்றன. இரவில் நீலமாக ஒளிரும் கடலலை வீடியோக்களுக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

அப்போ கருந்துளை ஆரஞ்சு நிறமா?

இல்லை. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 விண்மீன் திரளின் கருந்துளைப் படம் 1.3 மி.மீ. அலைநீள ரேடியோ அலைகளால் ஆனது. அதற்கு நிறமே கிடையாது. எங்கே பலம் அதிகம் என்று காட்ட ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தார்கள். 2010இல் ஏவப்பட்ட சூரிய ஆய்வு விண்கலத்தின் தங்க நிற, பச்சை நிறச் சூரியன்களும் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவுக்குக் கொடுத்த நிறங்களே. விண்வெளி வீடியோவில் கேட்கும் வெடிச் சத்தமோ சேர்க்கப்பட்டது. காட்டு விலங்குப் படங்களிலும் தொலைவிலிருந்து எடுத்த காட்சிகளுக்குக் காலடி ஓசையைப் பிறகு சேர்ப்பது வழக்கம்.

நிலாவுல சுத்தியலும் இறகும் ஒண்ணா விழுற வீடியோவை ஸ்டுடியோல ஸ்லோமோஷன்ல எடுத்திருக்கலாமே?

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் ஒன்றாகப் போட்டார். உயரம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நிலவில் விழ சுமார் 1.36 விநாடி ஆகும், பூமியில் 0.55 விநாடி. சரி, பூமியில் எடுத்து இரண்டரை மடங்கு மெதுவாக்கினால் சுத்தியல் பொருந்திவிடும். இறகு பொருந்தாது. காற்றில் அது சுழன்று தள்ளாடிப் பின்தங்கும். அதைத் தடுக்க ஸ்டுடியோ முழுவதும் வெற்றிடமாக இருக்க வேண்டும், அதற்குள் ஒரு மனிதர் உடையணிந்து நிற்க வேண்டும்.

நிலவு வண்டியின் சக்கரம் கிளப்பும் தூசியையும் பாருங்கள். காற்று இருந்தால் மேகமாகத் தொங்கும். அங்கே அது வளைகோட்டில் எழுந்து அப்படியே கீழே விழுகிறது.

சுத்தியலால அடிச்சாலும் உடையாத கண்ணாடித் துளி, வாலைக் கிள்ளினா வெடிக்குது. ஆனா எங்கேர்ந்து வெடிக்குதுன்னே தெரியல. ஏன்?

ரூபர்ட் துளி. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வெளிப்புறம் உடனே இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு ஆறிச் சுருங்கும்போது வெளிப்புறத்தை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் மாட்டிக்கொள்கின்றன. அழுத்தத்தில் இருக்கும் பரப்பில் விரிசல் திறக்காது. அதனால் தலை சுத்தியலைத் தாங்குகிறது. வால் மெல்லியது. அதை ஒடித்தால் விரிசல் நேராக உட்பகுதிக்குள் புகுந்துவிடும்.

அந்த விரிசல் விநாடிக்கு சுமார் ஒன்றரை கி.மீ. அல்லது அதற்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. 10 செ.மீ. துளியைக் கடக்க விநாடியில் 15,000இல் ஒரு பங்கு போதும். சாதாரண வீடியோவில் முதல் ஃபிரேமில் முழுத் துளி, அடுத்த ஃபிரேமில் தூள். வாலிலிருந்து தலைக்கு விரிசல் ஓடுவதை 1994இல் வெளியான ஆய்வில் விநாடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் ஃபிரேம் வேகத்தில் எடுத்துத்தான் காட்டினார்கள். வீட்டில் செய்து பார்க்காதீர்கள்; அந்தத் தூள் கண்ணுக்குப் பெரும் ஆபத்து.

ஒளி நகர்றதையே வீடியோ எடுத்துட்டாங்களாமே?

எடுத்தார்கள், ஆனால் எப்படி என்பதைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2011இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரமேஷ் ராஸ்கர் குழுவினர் ஒரு பாட்டிலுக்குள் லேசர் துடிப்பு ஊர்ந்து போவதைக் காட்டினார்கள். கணக்குப்படி விநாடிக்கு ஒரு லட்சம் கோடி ஃபிரேம். ஆனால் ஒரே துடிப்பைத் தொடர்ந்து எடுத்தது இல்லை. ஒரே மாதிரியான துடிப்புகளைத் திரும்பத் திரும்ப அனுப்பி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய வீடியோ அது. திரும்பச் செய்ய முடியாத நிகழ்வுக்கு அந்த முறை உதவாது. ஒரே துடிப்பிலேயே பிடிக்கும் கேமராக்கள் பிறகு வந்தன.

அப்படின்னா இன்னிக்கு எதை வேணும்னாலும் படம் பிடிச்சிடலாமா?

வேகம் தடையில்லை, எப்போது நடக்கும் என்று தெரியாததுதான் தடை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927இல் தொடங்கிய சோதனை இன்னும் ஓடுகிறது. தொட்டால் கல்லாகத் தெரியும் தார் உண்மையில் ஒழுகும் பொருள்தான் என்று காட்டுவதற்கான சோதனை அது. அந்தத் தார் தண்ணீரைவிடச் சுமார் 23,000 கோடி மடங்கு பிசுக்கானது. ஒரு துளி விழ ஏழெட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். 2000 நவம்பரில் எட்டாவது துளி விழுந்தபோது கேமரா வேலை செய்யவில்லை. பல ஆண்டுகள் அதைப் பாதுகாத்த ஜான் மெயின்ஸ்டோன், அங்கே ஒரு துளி விழும் கணத்தைக்கூடப் பார்க்காமல் 2013 ஆகஸ்டில் காலமானார். ஒன்பதாவது துளி 2014 ஏப்ரலில் பிரிந்தது.

இதே போன்ற இன்னொரு சோதனையில், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில், 2013 ஜூலையில் துளி விழுவது முதன்முதலாக வீடியோவில் பதிவானது.

ஏஐ-ல செஞ்சதா, நிஜமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

படத்தின் தரத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் காலம் போய்விட்டது. நான் முதலில் பார்ப்பது அளவும் நேரமும். 50 மீட்டர் உயரத்திலிருந்து எது விழுந்தாலும் 3 விநாடிக்கு மேல் ஆகும். கட்டடத்தைவிட உயர்ந்த அலை ஒரே விநாடியில் கவிழ்ந்தால், ஒன்று அலை சிறியது, இல்லை வீடியோ பொய். நிலவுச் சுத்தியலுக்குப் போட்ட அதே கணக்குதான். அடுத்து, பெரிய நிகழ்வென்றால் வேறு யாராவது வேறு கோணத்தில் எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். எங்கே, எப்போது என்ற விவரமே இல்லாவிட்டால் நம்ப வேண்டியதில்லை. பழைய நிஜ வீடியோவுக்குப் புதிய தலைப்பு வைப்பதும் மிகச் சாதாரணம்.

நிஜக் கேமராவும் பொய் சொல்லியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 1958இல் வெளியாகி ஆஸ்கர் விருதும் பெற்ற ஓர் அமெரிக்க இயற்கைப் படம், லெம்மிங் எனும் சிறு கொறிவிலங்குகள் கூட்டமாகக் கடலில் குதித்து உயிர்விடுவதாகக் காட்டியது. உண்மையில் அவை வேறு ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டவை. கடலே இல்லாத இடத்தில், படப்பிடிப்புக் குழுவே அவற்றைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டது. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்வதாக இன்றும் பலர் நம்புகிறார்கள். இதற்கு அந்தக் காட்சியும் ஒரு பெரிய காரணம்.

நானும் இப்படி எடுத்துப் போடணும்னு ஆசை. கூட என்னென்ன எழுதணும்?

விநாடிக்கு எத்தனை ஃபிரேம் எடுத்தீர்கள், எத்தனையில் ஓட்டுகிறீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். டைம்லாப்ஸ் என்றால் இடைவெளியை எழுதுங்கள். அளவு தெரிய காட்சிக்குள் ஒரு அளவுகோல் இருக்கட்டும். நிறத்தைக் கூட்டியிருந்தாலும், ஓசையைச் சேர்த்திருந்தாலும், பல முறை எடுத்ததை ஒட்டியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். எடிட் செய்யாத மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். நீங்கள் கவனிக்காத ஒன்றை வேறொருவர் அதில் அளந்து பார்க்க விரும்பலாம்.